பழைய மணி பன்னிரண்டு

பேய், பிசாசு என்று எவனாவது வாயெடுத்தால் எழுந்துபோய்க் கால் கழுவிக்கொண்டு வருகிற ரகம் நான். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், தம்பி. இந்தப் பினாங்கில் பிறந்து எண்பது வயதாகிறது. மலாய்க்காரர்கள் பொந்தியானாக் என்பார்கள், சீனர்கள் பசித்த ஆவிக்கு ஒரு மாதம் முழுக்கப் படையல் போடுவார்கள், நம்மவர்கள் ஆளுக்கொரு முனியைக் கண்டதாகச் சொல்வார்கள், நான் எல்லோரிடமும் 'பாதி பயம், பாதி கள்ளு' என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். இந்த ஆயர் ஈத்தாம் பிளாட்டில் லிஃப்டில் பெண் நிற்கிறாள் என்று எல்லாரும் படியேறிய வருஷத்தில்கூட லிஃப்டில் தனியாகப் போய்வந்தவன் நான் ஒருவன்தான். வேண்டுமானால் என் பெண்டாட்டியைக் கேளுங்கள்.

நீங்கள் ஜப்பான்காரன் காலத்து அனுபவங்களைக் கேட்டு எழுதுகிறீர்கள் என்று மகன் சொன்னான். நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பமாட்டீர்கள். உங்கள் முகத்திலேயே தெரிகிறது. பரவாயில்லை, நானே இன்னொருவன் சொல்லிக் கேட்டிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். ஒன்று மட்டும். இடது கையை ஏன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று பார்க்கிறீர்கள், இப்போது கேட்காதீர்கள். தானாக வரும்.

யுத்தத்துக்கு முன்னால் துறைமுகத்தில் நீராவி கிரேன் ஓட்டினேன். இப்போது பொத்தானை அமுக்கினால் வேலை நடக்கிறது, அப்போது விடியுமுன் வந்து கரி போட்டு நெருப்பு மூட்டினால்தான் எட்டு மணிக்கு அது அசையும். கேபின் சுவரில் ஒரு பித்தளைத் தகடு, அதில் 'ஹல்' என்று ஊர்ப்பெயர். இங்கிலாந்தின் வடக்கே ஆறு கடலில் விழுகிற இடத்தில் இருக்கிற துறைமுகப் பட்டணமாம் அது. கிரேனை அங்கேதான் செய்தார்கள். எங்கள் ஃபோர்மன் டாசன் துரையும் அந்த ஊர்தான். கிரேனைத் தட்டிக்கொண்டு, "இவ எங்க ஊரு பொண்ணு, அடிச்சா திருப்பி அடிப்பா" என்பார். எல்லாம் தமிழில்தான். இருபது வருஷம் எங்கள் ஆட்களோடு கிடந்து நல்ல தமிழும் பேசுவார், அதைவிட நன்றாகக் கெட்ட தமிழும் பேசுவார்.

அந்தத் துரையிடம் ஒரு சட்டம் இருந்தது. கப்பலுக்கு அடியில் சரக்கு அடுக்குகிற குழி இருக்கிறதே, ஹோல்டு என்போம், அதற்குள் ஆள் இருக்கும்போது தலைக்கு மேலே பாரம் தொங்கக் கூடாது. பாரத்தை இறக்குமுன் கிரேனின் சங்கை நீளமாக ஒரு தடவை ஊதவேண்டும். நம் ஊரில் ஆலைச் சங்கு என்போமே, அதே மாதிரி, நீராவியில் ஊதுகிற பித்தளைச் சங்கு, கேபின் கூரைமேல் இருக்கும், ஒரு கயிற்றை இழுத்தால் கத்தும். கேட்டதும் குழிக்குள் இருக்கிற எல்லாரும் ஏணியில் ஏறி மேலே வந்துவிட வேண்டும். துரை ஏணி உச்சியில் நின்று ஒண்ணு, ரெண்டு, மூணு என்று தமிழில் தலையை எண்ணுவார். எண்ணிக்கை சரியாகும்வரை நான் கியரில் கை வைக்கக் கூடாது. அவருடைய அப்பா அந்த ஹல் துறைமுகத்தில் ஒரு குழிக்குள்ளேதான் பாரம் விழுந்து செத்தாராம், யாரும் எண்ணவில்லையாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் தமிழில் சொல்லமாட்டார்.

மதியம் பன்னிரண்டுக்கும் அவர்தான் கயிற்றை இழுப்பார். அந்தச் சங்குக்குத்தான் சோறு. சங்கு ஊதும்போது கூரை இடுக்கிலிருந்து ஒரு சொட்டு வெந்நீர் என் பிடரியில் விழும். தினமும் விழும், தினமும் திட்டுவேன், ஆனால் அதைச் சரிசெய்ய எனக்குத் தோன்றியதே இல்லை.

அப்புறம் ஜப்பான்காரன் குண்டு போட்டான். ஊர் பற்றி எரிந்தது. ஒரு காலை வேலைக்குப் போனால் ஒரு வெள்ளைக்காரனைக் காணோம். ராத்திரியோடு ராத்திரியாக எல்லாரையும் கப்பலில் ஏற்றிச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள், நம்மை அம்போ என்று விட்டுவிட்டு. டாசன் துரையும் போய்விட்டார். எங்கள் மண்டோர் வீரப்பன், அதாவது கூலி ஆட்களுக்குத் தலைவர், தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"தினம் நம்ம தலைய எண்ணுனவன்லா, போறப்ப எண்ணலியே."

நான் கேபினில் ஏறினேன். அந்தத் தகட்டின் மேல் காறித் துப்பினேன். பிறகு நானே துடைத்தேன்.

ஜப்பான்காரன் வந்ததும் முதலில் மாற்றியது கடிகாரத்தை. தோக்கியோவில் என்ன மணியோ அதுதான் இங்கேயும் மணி என்று ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டான். பழைய மணி பத்தரை என்றால் ஜப்பான் மணி பன்னிரண்டு. அவன் பன்னிரண்டுக்கு இரும்புத் துண்டைத் தட்டினால் சாப்பிடப் போகவேண்டும், யாருக்குப் பசிக்கும்? எங்கள் வயிறு கடைசிவரை பழைய மணியில்தான் இருந்தது. வீட்டில் எல்லாரும் "இது நம்ம மணியா, அவன் மணியா" என்று கேட்டுக் கேட்டுத்தான் எதையும் செய்வோம். பித்தளை என்று கண்டதையெல்லாம் யுத்தத்துக்கு உருக்கக் கொண்டுபோனார்கள். ஊர்ப்பெயர்த் தகடு போயிற்று. சங்கையும் கழற்றினார்கள். குழாயின் வாயில் ஒரு போல்ட்டை முறுக்கி, மேலே சாயம் பூசிவிட்டார்கள். கயிற்றை நானே அறுத்துக் கொடுத்தேன். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், சங்கும் இல்லை, கயிறும் இல்லை.

தங்கவேலுவைச் சொல்லவேண்டும். என் தம்பி, கூடப் பிறந்தவன், என்னைவிட நாலு வயது சின்னவன். நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தான். ரப்பர் வாங்க ஆள் இல்லை, தோட்டம் படுத்துவிட்டது, சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று சேதி வந்தது. போனவன் எவனும் திரும்பவில்லை. அம்மா என் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள்.

"அவனையும் ஒங்கூட வச்சுக்கய்யா. எங்கண்ணு முன்னால இருந்தாப் போதும், கிழங்கத் தின்னுட்டுக் கெடக்கட்டும்."

துறைமுகத்து ஆட்களைச் சயாமுக்குப் பிடிக்கமாட்டார்கள், ஜப்பான்காரனுக்கே அவர்கள் தேவை. மண்டோரின் கையைக் காலைப் பிடித்துத் தம்பியைக் குழி வேலைக்குச் சேர்த்துவிட்டேன். பன்னிரண்டாவது ஆள். மண்டோரையும் சேர்த்து மற்றப் பதினோரு பேரும் டாசன் துரையிடம் வருஷக்கணக்கில் வேலை பார்த்த பழைய ஆட்கள். இவன் அந்தத் துரை முகத்தைக்கூடப் பார்த்தவனில்லை. நல்ல உழைப்பாளி, ஆனால் பயந்தவன். ஜப்பான்காரக் காவலாளி தூரத்தில் வந்தாலே இடுப்பை வளைத்துவிடுவான். "டேய், கப்பலப் பாத்தும் கும்புடுறியேடா" என்று ஆட்கள் கேலி பண்ணுவார்கள், அவனும் சிரிப்பான்.

அவன் சேர்ந்து எட்டு மாதம் இருக்கும். ஒரு சின்னக் கப்பல் வந்து நின்றது, சயாமுக்குப் போகிற கப்பல். எஸ்டேட் ஃபேக்டரி ஒன்றிலிருந்து பிடுங்கிவந்த பெரிய இஞ்சினை அதில் இறக்கவேண்டும். என் கிரேனின் கம்பிக் கயிறு பிரி பிரியாக எழும்பி நின்றது. மாற்றுவதற்குக் கயிறு இல்லை, பூசுவதற்குக் கிரீஸ்கூட இல்லை, செம்பனை எண்ணெய்தான். காவலாளியிடம் காட்டினேன். "பகேரோ!" என்று திட்டிக் கன்னத்தில் ஒன்று விட்டான். பாரம் இறங்கும்போது ஆட்கள் குழிக்குள்ளேயே நின்று கட்டைகளைச் சரிபண்ண வேண்டும், ஏறி இறங்கி நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது அவன் சட்டம். என்ன செய்வது? போய் ஏறி உட்கார்ந்தேன்.

நல்ல வெயில். இந்தக் கதைக்கு இருட்டும் கிடையாது, மல்லிகைப்பூ வாசமும் கிடையாது. ஷெட்டில் தொங்கிய கடிகாரத்தில் ஜப்பான் மணி ஒன்றரை. இஞ்சினைத் தூக்கினேன், திருப்பினேன், குழிக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினேன். கேபின் உயரத்தில் இருக்கும், அங்கிருந்து பார்த்தால் கிணற்றுக்குள் பார்க்கிற மாதிரி குழி முழுக்கத் தெரியும். பன்னிரண்டு தலை தெரிந்தது. இறக்கலாம் என்று பிரேக்கைத் தளர்த்தப் போகிறேன்.

சங்கு ஊதியது.

என் தலைக்கு மேலே, அதே சங்கு, நீளமாக. கேபின் தகரம் அதிர்ந்தது. இதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், பிடரியில் ஒரு சொட்டு வெந்நீர் விழுந்தது. நான் பழைய மாதிரியே வாய்க்குள் திட்டினேன். திட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது, மேலே சங்கே இல்லையே என்று. ஜப்பான் மணி ஒன்றரை என்றால் பழைய மணி பன்னிரண்டு என்பதும் அப்போதுதான் உறைத்தது.

கீழே ஆட்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஏணிக்குப் போனார்கள். ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. மாடு கொட்டிலுக்குத் திரும்புகிற மாதிரி வரிசையாக ஏறினார்கள். என் வலது கை பிரேக்கில் அப்படியே நின்றது, அதுதானே சட்டம். என் வாய் தானாக எண்ணியது, ஒண்ணு, ரெண்டு என்று. கரையில் காவலாளி சுருட்டைக்கூட வாயிலிருந்து எடுக்காமல் நின்றான், அவன் காதில் ஒன்றும் விழவில்லை, ஆட்கள் ஏறுவதைப் பார்த்துத்தான் கத்த ஆரம்பித்தான். பதினொன்று வரை எண்ணினேன்.

தங்கவேலு கீழேயே நின்றான். அவனுக்குக் கேட்கவில்லை, அவன் பழைய ஆள் இல்லையே. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கயிறு அறுந்தது.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

அவனுக்குச் சங்கு கேட்கவில்லை, அதனால் வரவில்லை. அம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன். அவள் சாகிறவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள், "கடைசியா ஒன்னப் பாத்தானாய்யா? என்ன சொன்னான்?" என்று. பார்த்தான் அம்மா, ஒன்றும் சொல்லவில்லை அம்மா என்பேன். அதில் பொய் இல்லை.

எங்கள் பன்னிரண்டு பேரையும், பதினோரு பேரும் நானும், பிடித்துக்கொண்டு போனார்கள். வேலை விடுகிற நேரம் ஆகாமல் எல்லாரும் ஒன்றாக மேலே ஏறினீர்கள், உடனே கயிறு அறுந்தது, சேர்ந்து செய்த சதிதானே இது என்றார்கள். தனித்தனி அறையில் போட்டு மூன்று நாள் அடித்தார்கள். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று ஒரு பழமொழி இருக்கிறது பாருங்கள், அதை இப்போதும் என் எதிரே யாராவது சொன்னால் எழுந்து போய்விடுவேன். பன்னிரண்டு பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னோம். சங்கு ஊதியது, ஏறினார்கள். அவர்கள் போய்க் குழாயைப் பார்த்தார்கள். போல்ட் போட்டது போட்டபடி, பூசிய சாயம்கூட வெடிக்கவில்லை. நாலாம் நாள் ஏன் விட்டார்கள் என்று எனக்கு இன்றும் தெரியாது. கப்பல்கள் காத்துக்கொண்டிருந்தன, ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

வெளியே வந்து சூலியா தெருவில் ஒரு தமிழ் முஸ்லிம் மாமாக் கடையில் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்து சீனியில்லாத காப்பி குடித்தோம். வாய் வீங்கிப்போய் மண்டோர் வீரப்பனுக்குக் குடிக்கக்கூட முடியவில்லை.

"டாசன் தொர செத்துட்டாருய்யா. செத்துத்தான் வந்து ஊதியிருக்காரு. போறப்ப எண்ணாமப் போனாருல்ல."

எல்லாரும் கும்பிட்டார்கள். நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். பேய் இல்லை என்று நாற்பது பேரிடம் வாதாடுகிறவன், மனசுக்குள் ஒரு பேயை மட்டும் ஒத்துக்கொண்டேன், வேறு வழி தெரியவில்லை. யுத்தம் முடிந்தது, மணியைப் பழையபடி திருப்பினார்கள், கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள், துறைமுகத்திலேயே வேலை பார்த்து ஓய்வும் பெற்றேன். மூத்த பெண் சாந்தி நர்ஸ் படிக்க இங்கிலாந்து போனாள். அங்கேயே கல்யாணம், அங்கேயே வேலை. எந்த ஊர் என்று கேட்கிறீர்களா? ஹல்தான். நான் சொல்லி அவள் போகவில்லை, எந்த ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்ததோ அங்கே போனாள். அந்த ஊர்ப்பெயர் எனக்கு என்ன என்று அவளிடம் சொன்னதுமில்லை. தங்கவேலு என்று ஒரு சித்தப்பா இருந்தான், யுத்தத்தில் செத்தான், அவ்வளவுதான் என் பிள்ளைகளுக்குத் தெரியும்.

ஒரு நாள் போன் பண்ணினாள். அவள் அப்போது ஒரு முதியோர் இல்லத்தில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஒரு வேடிக்கை கேளுங்க. எங்க ஹோம்ல ஒரு வெள்ளக்காரத் தாத்தா இருக்காருலா. பேச்செல்லாம் போச்சு, பிள்ளைங்களக்கூட அடையாளம் தெரியாது. ஆனா தினம் காலையில எழுந்து உக்காந்து ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சுத்தத் தமிழ்ல எண்ணுறாரு!"

"பேரு என்னம்மா?"

"டாசன். மிஸ்டர் டாசன்."

கையிலிருந்த போனைக் கீழே வைத்துவிட்டேன். பெண்டாட்டி எடுத்துப் பேசினாள். யோசித்துப் பாருங்கள், தம்பி. செத்தவன்தானே பேயாக வரவேண்டும்? உயிரோடு இருக்கிறவன் வருவானா? பிறகு சாந்தியை விட்டு விசாரித்தேன், சிங்கப்பூரில் பிடிபட்டு, யுத்தம் முடிகிறவரைக்கும் அங்கே சிறையில் கிடந்து, பிழைத்து ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறார். அன்றைக்கு எங்கள் தலைக்கு மேலே சங்கு ஊதியபோது அந்த மனுஷன் நானூறு மைலுக்கு அப்பால் கம்பிக்குப் பின்னால் மூச்சுவிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

சாந்திக்குப் பிரசவம் ஆன குளிர்காலத்தில் நானும் பெண்டாட்டியும் போனோம். பேரனைப் பார்க்க என்று போனேன், எதற்குப் போனேன் என்று எனக்குத் தெரியும். ஹல் ஊரைப் பார்த்ததும் என் கால் தயங்கியது. ஆறு நம் பிறை ஆறு மாதிரியே சேறு கரைத்த நிறம். ஊருக்கு நடுவிலேயே கப்பல் நிற்கிற குளங்கள், பாதி வற்றிப்போய்ப் பாசி பிடித்துக் கிடந்தன. கிரேன்கள் வரிசையாக நின்றன, பாதிக்குமேல் அசையவில்லை. மீன் வாடை, கரிப்புகை, மூன்று மணிக்கே இருட்டு. மீன் பிடிக்கப் போகிற கப்பல்களெல்லாம் ஓய்ந்துகொண்டிருந்த காலம், ஆம்பிளைகள் பட்டப்பகலில் சுவரோரம் சும்மா நின்றார்கள். அடுத்த வீட்டுக் கிழவி, கணவன் கடலுக்குப் புறப்படுகிற நாளில் இங்கே பெண்கள் துணி துவைக்கமாட்டோம், துவைத்தால் அலை அடித்துக்கொண்டு போய்விடும் என்று சொன்னதாகச் சாந்தி சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் வீட்டில் ஆள் புறப்பட்டுப் போனதும் வாசலைக் கூட்டமாட்டோம் இல்லையா, அதுதான் இது.

"அவரு காலையில எண்ணுறது எத்தன மணிக்கும்மா?" என்று அவளிடம் கேட்டேன்.

"நாலரைக்கு. கடிகாரமே வேணாம்பா, அப்படிக் கரெக்டா இருக்கும்."

அந்த ஊருக்குப் போன நாளிலிருந்து எனக்கு ஒரு பழக்கம், மணி பார்த்தால் பினாங்கில் இப்போது எத்தனை மணி என்று கூட்டிப்பார்ப்பேன். ஏழரை மணி நேரம் கூட்டவேண்டும். நாலரையோடு ஏழரையைக் கூட்டிப்பாருங்கள். நம் பழைய மணி பன்னிரண்டு.

ஒரு விடியற்காலை சாந்தி பெரிய நர்ஸிடம் சொல்லி என்னை உள்ளே கூட்டிப்போனாள். துரைக்கு எண்பது வயசு இருக்கும், எலும்பும் தோலுமாகக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான்தான் துரை, கிரேன் ஓட்டின ரத்தினம் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் சொன்னேன். கண் என்மேல் பட்டது, நிற்கவில்லை. நாலரை ஆனது. வலது கை மேலே போயிற்று, ஒரு கயிற்றைப் பிடித்து இழுத்தது. என் கழுத்து தானாகச் சுருங்கியது. சொட்டு ஒன்றும் விழவில்லை. பிறகு அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, ஏணி உச்சியில் நிற்கிறவர் மாதிரி, எண்ணினார். அதே குரல். ஒண்ணு, ரெண்டு, மூணு. பதினொண்ணோடு நிறுத்தினார். நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். குனிந்து குனிந்து தரையைப் பார்த்தார்.

அவர் காலத்தில் பதினோரு பேர்தான், தம்பி. அந்த எண்ணிக்கை அவருக்குச் சரிதான். பன்னிரண்டாவது ஆள் ஒருவன் இருந்தான் என்று அவருக்கு யார் சொன்னது? எதற்காகக் காத்திருக்கிறார்?

என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கிட்டே போய், "எல்லாரும் வந்தாச்சு தொர. கொழியில யாரும் இல்ல" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இந்தத் தடவை கண் நின்றது. வலது கையைக் கயிற்றிலிருந்து எடுக்காமல், இடது கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, மெதுவாக இரண்டு தடவை அமுக்கிக் காட்டினார்.

"என்னப்பா அது? இதுவரைக்கும் இப்படிச் செஞ்சதில்லையே. ஒங்கள உக்காரச் சொல்றாரா?" என்றாள் சாந்தி.

"ஆமாம்மா, உக்காரச் சொல்றாரு" என்று உட்கார்ந்துகொண்டேன்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும், இனி உங்களிடம் ஒளித்து என்ன ஆகப்போகிறது. தங்கவேலுவுக்குச் சங்கு கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் எல்லாரும் ஏறுவதைப் பார்த்து அவனும் ஏணியில் கால் வைத்துவிட்டான். கால் வைத்துவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தான், நானும் வரவா அண்ணே என்று புருவத்தால் கேட்டான். எனக்குச் சங்கு கேட்டது, தெளிவாகக் கேட்டது. ஆனால் கரையில் காவலாளி கத்திக்கொண்டு ஓடி வந்தான், ஜப்பான் மணி ஒன்றரைதான், வேலை விடுகிற நேரம் ஆகவில்லை. புது ஆள், இவனைப் பிடித்து அடித்துச் சயாமுக்கு ஏற்றிவிடுவான் என்று பயந்தேன். அம்மா என்னிடம் ஒப்படைத்த பிள்ளை. என் வலது கை பிரேக்கில் இருந்தது. இடது கையை வெளியே நீட்டி, உள்ளங்கையைக் கீழே காட்டி, இரண்டு தடவை அமுக்கினேன். இருடா, அங்கேயே இரு என்று. கிரேன்காரன் கைச்சைகை அவனுக்குத் தெரியும், நானே சொல்லிக்கொடுத்தது. காலை ஏணியிலிருந்து எடுத்துவிட்டான். அண்ணன் சொன்னால் மறுபேச்சுப் பேசமாட்டான்.

மேலே ஏறியவர்கள் காவலாளி பக்கம் திரும்பியிருந்தார்கள். என் கையைப் பார்த்தவன் தங்கவேலு ஒருவன்தான். வேறு யாரும் இல்லை. கட்டினவளிடம்கூட நான் சொன்னதில்லை.

துரை அந்தக் குளிர்காலம் தாண்டவில்லை. நாங்கள் பினாங்கு திரும்பிவிட்டோம், சாந்தி மறுபடி வேலைக்குப் போயிருந்தாள், கடைசி நாள் அவள்தான் டியூட்டி. என்னம்மா எண்ணினார் என்று போனில் கேட்டேன். "பதினொண்ணுதாம்பா. அப்புறம் ரொம்ப நேரம் கீழயே பாத்துக்கிட்டிருந்தாரு" என்றாள். சரி, இழுக்கிற ஆளும் போயாயிற்று, இனி ஓய்ந்தது என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் ஒரு மாதம் இருக்கும். மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பெண்டாட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "என்னங்க, தெனம் இந்த நேரத்துல எடது கைய நீட்டி யாரை உக்காரச் சொல்றீங்க?" என்றாள். நான் நீட்டியதே எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அன்றிலிருந்து பன்னிரண்டு ஆகப்போகிறது என்றால் இந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து மேலே உட்கார்ந்துவிடுவேன். பிறகு நம் அரசாங்கம் மணியை அரை மணி நேரம் முன்னால் தள்ளியது, அதற்கு அடுத்த நாளே அது பன்னிரண்டரைக்கு மாறிக்கொண்டது. கைக்கு யார் சொன்னது, பழைய மணி எது என்று?

டாக்டரிடம் காட்டினேன், நரம்பு என்றார். நீங்களும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை.

இப்போதுகூட அடியில் கிடந்து திமிறுகிறது. தம்பி, அந்தச் சுவர்க் கடிகாரத்தைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள், என் கண்ணுக்குத் தெரியவில்லை. பன்னிரண்டரை தாண்டிவிட்டதா? தாண்டியிருந்தால் கையை எடுத்துக்கொள்வேன்.